சேத்து எலாதியோவின் ஒன்பது புள்ளி

தொக்கவீத்தா ஊரில் குண்டு வெடித்தபோது முதல் காரியமாக எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வெளியூரில் இதைச் சொன்னால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனால் தேஹோ ஆடுகிற ஊரில் வேறென்ன செய்வது? ஆட்டமே அதுதானே. கூடத்தின் ஒரு கோடியில் சாய்வாக நிறுத்திய களிமண் பெட்டி, பெட்டியின் நடுவில் புதைத்த இரும்பு வளையம், வளையத்தின் விளிம்பில் வெடிமருந்து மடித்த காகிதப் பொட்டலங்கள். மறு கோடியில் நாம். ஒரு கையில் பியர், மறு கையில் இரும்பு வட்டு. வீசினால் பொட்டலம் வெடிக்க வேண்டும். அதற்கு மூன்று புள்ளி. எதுவுமே வெடிக்காவிட்டால், வளையத்துக்குக் கிட்ட விழுந்த வட்டுக்கு ஒன்று. வட்டு வளையத்துக்குள் இறங்கினால் ஆறு. இரண்டும் ஒரே வீச்சில் நடந்தால் ஒன்பது. அந்த ஒன்பதுக்கு மொன்யோனா என்று பெயர். மொன்யோனா போட்டவன் வீட்டில் அன்றைக்குச் சண்டை கிடையாது. போட்டவனுக்குப் பெண்டாட்டியே பியர் ஊற்றிக் கொடுப்பாள் என்று ஐதீகம்.

எலாதியோ பிரபானுக்கு அந்த பாக்கியம் வாய்த்ததில்லை. மொன்யோனாவை விடுங்கள், முப்பது வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் வீசியும் ஒரு பொட்டலம்கூட அவர் கையால் வெடித்ததில்லை. அவர் வட்டு போய் விழுகிற சத்தம் ஊருக்கே மனப்பாடம்: 'சொத்'. ஈரக் களிமண்ணில் ஒரு சொத். அதனால் அவருக்குச் சேத்து எலாதியோ என்று பேர் வைத்தோம். மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள அவருக்கு நேரமும் இல்லை. விடிவதற்குள் மலைமேல் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் கேன்களை ஏற்றி, பாலாடைக்கட்டிக் கம்பெனியில் இறக்குவது அவர் பிழைப்பு. அவருடைய லாரி அவரைவிட மூத்தது. அவரைவிட அதிகம் பேசும்.

அவர் பெண் கேட்கப் போன கதை சந்தையில் இன்றைக்கும் ஓடுகிறது. ரொசால்பாவின் அப்பா, மாப்பிள்ளையின் யோக்கியதையைப் பார்க்க ஆட்டக்கூடத்துக்குக் கூட்டிப் போய் வட்டைக் கையில் கொடுத்தாராம். சொத். இன்னொன்று கொடுத்தாராம். சொத். கிழவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, "பரவாயில்லை, கட்டிக் குடுத்துடலாம். இவர் கையால வீடு தீப்பிடிக்காது" என்றாராம்.

மரியாதையைக் கவனித்தீர்களா? எங்கள் மலையில் எல்லாம் 'நீங்க'தான்; பேருக்கு முன்னால் ஆணுக்குத் தோன், பெண்ணுக்குத் தோன்யா என்ற மரியாதை வேறு. புருஷன் பெண்டாட்டியை, பெண்டாட்டி புருஷனை, குடிகாரன் குடிகாரனை. கழுதையைத் திட்டும்போதுகூட 'நகருங்க' என்போம். இதனால் சண்டை குறையவில்லை, வாக்கியம்தான் நீளமாகிறது.

இனி, கார்மேல் மாதா திருவிழாவின் இறுதி ஆட்டத்துக்கு வருவோம்.

எதிரி, பக்கத்து ஊர் பெசோத்தா. அவர்கள் கேப்டன் லிபார்தோ, உருளைக்கிழங்கு வியாபாரி. எதிரே வருகிறவர் ஒதுங்கிப் போகிற அளவுக்கு மீசை. எங்கள் அணியில் எலாதியோ இருந்ததற்கு ஒரே காரணம் லாரி. வெளியூர் ஆட்டத்துக்கு அணியை ஏற்றிப் போக வேறு வண்டி கிடையாது. வண்டிக்காரரை வெளியே உட்கார வைத்தால் வண்டி ரிப்பேராகிவிடும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் மிசாயெல். எலாதியோவின் மகனுக்கு ஞானத்தகப்பன். ஆகவே இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அன்றைக்குப் பெரிய களத்தின் கூரை ஒழுகியது. ஆகவே ஆட்டத்தைக் கடைசிக் களத்துக்கு மாற்றினார்கள். கடைசிக் களம் என்றால் கத்துக்குட்டிகளும் எலாதியோவும் வீசுகிற இடம். ஆட்டம் தொடங்கும் முன் சார்ஜன்ட் கிரோகா தன் மோப்ப நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். வாணவேடிக்கைக்கு அந்த வருஷம் மேயர் தடை போட்டிருந்தார். நாய் வாரம் முழுக்க ஊரை மோந்துகொண்டிருந்தது. பேர் சுல்தான். கடைசிக் களத்துப் பெட்டியின் எதிரே வந்ததும் சுல்தான் சப்பணம் போட்டு உட்கார்ந்து குரைக்க ஆரம்பித்தது.

"பாருங்கப்பா! தேஹோ ஆடற இடத்துல வெடிமருந்து இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டாரு!" என்றார் மிசாயெல்.

"பதவி உயர்வு குடுங்க சார்ஜன்ட், நாய்க்கு!" என்றது கூட்டம்.

சார்ஜன்ட் முகம் சிவந்துபோய், சங்கிலியைப் பிடித்து நாயை இழுத்துக்கொண்டு போனார். சுல்தான் திரும்பித் திரும்பிக் குரைத்தது.

ஆட்டம் நடந்தது. பியர் நடந்தது. ரொசால்பா முன்வரிசையில், மாதா சபைப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். சபைக்கு அவள்தான் தலைவி. ஒவ்வொருவர் வீசும்போதும் கண்ணை மூடி ஜெபமாலையை உருட்டினாள். பொட்டலம் வெடித்தால் சிலுவை போட்டுக்கொண்டாள். ஊர்மேல் என்ன பாசம் என்று எல்லோரும் நெகிழ்ந்துபோனோம். பெசோத்தா இருபத்தாறு, நாங்கள் பதினெட்டு. இருபத்தேழு தொட்டால் ஜெயம். கடைசி வீச்சு எலாதியோவுடையது.

அவர் வட்டை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு வந்தார். திரும்பி மனைவியைப் பார்த்தார். ரொசால்பா ஜெபமாலையைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு, உப்புக்கிழங்கு ஒன்றை எடுத்து நிம்மதியாகக் கடித்தாள்.

அது அவருக்குச் சுருக்கென்றது. எல்லோருக்கும் ஜெபித்தவள், கட்டின புருஷனுக்குக் கிழங்கு தின்கிறாளே! அந்த வேகத்தில் வீசினார்.

சொத் என்று கேட்கவில்லை.

"மொன்யோனா!" என்று மிசாயெல் அலறினார். கூரைத் தகரம் ஒன்று பறந்து போனதையோ, கூடம் முழுக்கச் சேற்று மழை பெய்ததையோ யாரும் பொருட்படுத்தவில்லை. சேத்து எலாதியோவைச் சேறு பூசிய நாலு பேர் தோளில் தூக்கினார்கள். அந்த உயரத்திலிருந்துதான் அவருக்கு முதலில் தெரிந்தது.

"கொம்பாத்ரே," என்றார் மேலிருந்தபடியே, "சுவரு எங்க?"

சுவர் இல்லை. பெட்டி இல்லை. வளையம் இல்லை. சுவர் இருந்த இடத்தில் தெருவும், தெருவில் அவருடைய லாரியும் தெரிந்தன. பரிசுக்காகக் கட்டியிருந்த காளைக்கன்று ரிப்பனோடு சந்தைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நடுவருக்குப் புருவம் இரண்டும் கருகிவிட்டது. பெசோத்தாக்காரர் ஒருவருக்கு ரெண்டு நாள் காது கேட்கவில்லை. மற்றபடி யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அப்போதுதான் மேயர் மேடையிலிருந்து, "குண்டு! குண்டு வெடிச்சிருக்கு! எல்லாரும் படுங்க!" என்றார். எல்லோரும் படுத்தோம். பியர் வைத்திருந்தவர்கள் குத்துக்காலிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஊரில் பத்துப் பேர் கூடின இடமெல்லாம் புலனாய்வுத் துறை. அதற்குத் தலைமைச் செயலகம் ஊர் ரேடியோ. வெங்காய விலைக்கும் மரண அறிவிப்புக்கும் நடுவில் நெல்சன் ஒரு நிகழ்ச்சி நடத்துவான். அன்றைக்கு வெங்காயத்துக்கு விலையே சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றான். பேசினார்கள்.

போட்டி பியர் கம்பெனியின் வேலை என்றார் ஒருவர். இல்லை, தோற்கப் போகிறோம் என்று தெரிந்த எங்கள் ஆட்களே வைத்தார்கள் என்றார், பெசோத்தாவில் பெண் எடுத்த ஒருவர். மாதாவை ஏற்காத புது சபைக்காரர்கள் என்றாள் ஒரு பாட்டி. அந்த சபையின் போதகர் உடனே வந்து, மாதாவே கோபித்துக்கொண்டு செய்ததாக இருக்கலாமே என்றார். மேலே, கெரில்லாக்கள் திரிகிற பனிமேட்டில் விளக்கு நடமாட்டம் தெரிந்ததாம் என்று ஒரு செய்தி கிளம்பியதும் எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள், ரேடியோவிலேயே. மேயருக்கு இந்தக் கடைசிச் செய்தி ரொம்பப் பிடித்துப்போயிற்று. தலைநகரிலிருந்து டிவிக்காரர்கள் வருவார்கள், நிவாரணம் வரும் என்று சட்டை இஸ்திரி போடச் சொல்லிவிட்டார்.

மக்காச்சோள அடை சுட்டு விற்கிற ரொசால்பாவின் கடையில்தான் கூட்டம் அதிகம். அவள் அடையைத் திருப்பிக்கொண்டே எல்லார் பேச்சையும் கேட்டாள்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க, தோன்யா ரொசால்பா?"

"நான் என்னத்தை நினைக்க? அடுப்புல கிடக்கிறவ. மேல பனிமேட்டுல விளக்கு தெரிஞ்சுதுன்னு யாரோ சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

"அதான், யாரோ."

எலாதியோவுக்கு இந்தக் குண்டுப் பேச்சே பிடிக்கவில்லை. காரணம் நாட்டுப்பற்று அல்ல. போட்டிக் கமிட்டி தெளிவாகச் சொல்லிவிட்டது: வெள்ளிக்கிழமை நகர மன்றத்தில் சார்ஜன்ட் முடிவு சொல்வார். வெடித்தது குண்டு என்றால் கடைசி வீச்சு செல்லாது. இருபத்தாறுக்குப் பதினெட்டு, கோப்பையும் கன்றும் பெசோத்தாவுக்கு. வெடித்தது பொட்டலம், அதுவும் வட்டு வளையத்துக்குள் விழுந்து, என்று நிரூபித்தால்தான் ஒன்பது புள்ளி. ஆயுசுக்கு ஒன்று. அதையும் யாரோ குண்டு வைத்து எடுத்துக்கொண்டால் மனுஷன் எங்கே போவான்?

ஊர் முழுக்கக் குண்டு வேண்டும் என்றிருக்க, வேண்டாம் என்றிருந்தவர் அவர் ஒருவர்தான். அதைச் சொல்லப் போய்த்தான் வம்பாயிற்று.

"அது குண்டு இல்லைங்க, என் வீச்சு" என்று அவரே ரேடியோவுக்குப் போய்ச் சொன்னார். நெல்சன் நன்றி சொல்லி அனுப்பினான். அடுத்து வந்தவர் பேசியது ஊரையே நிமிர வைத்தது.

"ஒரு சந்தேகம்ங்க. முப்பது வருஷமா ஒரு பொட்டலத்தைக்கூடத் தொடாத மனுஷன். அவர் வீசின நேரத்துல வெடிக்குது. அப்ப அது பொட்டலமா இருக்குமா? வாய்ப்பே இல்லை. குண்டுதான். சரி, குண்டு சரியா அவர் வீசற நேரத்துக்கு எப்படி வெடிச்சுது? அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்ல?"

சாயங்காலத்துக்குள் விஷயம் முற்றிவிட்டது. ஒரு மொன்யோனாவுக்காக எலாதியோ தானே குண்டு வைத்துக்கொண்டார். பால் கேனில் வைத்துக் கடத்தினார். பண்ணைக்காரி ஒருத்தி அவருக்குப் பால் ஊற்ற மறுத்தாள். இன்னொருத்தி ஊற்றினாள், ஆனால் கேனைக் கையை நீட்டித் தூரத்திலிருந்தே கொடுத்தாள்.

சார்ஜன்ட் கூப்பிட்டு அனுப்பினார்.

"தோன் எலாதியோ, நீங்க வீசினதாலதான் வெடிச்சுதுன்னு ரேடியோவுல சொன்னீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப நீங்கதான் வெடிக்க வச்சீங்க."

"இல்லைங்க. வட்டு வளையத்துல விழுந்துச்சு. பொட்டலம் வெடிச்சுது."

"பொட்டலம் வெடிச்சா சுவரு போகுமா?"

"என் வீச்சுல இதுக்கு முன்னாடி எதுவும் வெடிச்சதே இல்லைங்களே. எவ்வளவு போகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சார்ஜன்ட், இவர் முட்டாளா, மகா கெட்டிக்காரனா என்று முடிவுக்கு வர முடியாமல், ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். பண்ணைகளெல்லாம் ஊருக்கு வெளியேதான் இருக்கின்றன என்று எலாதியோ நினைவுபடுத்தியதும், பாலுக்கு மட்டும் போகலாம் என்றார்.

மறுநாள் பாலுக்குப் போன இடத்தில்தான் அது கிடைத்தது. காலிக் கேன்களில் ஒன்று வளைவில் திரும்பும்போதெல்லாம் கடகடவென்றது. மூடி தொலைந்து ரொம்ப நாளான கேன் அது. சுவருக்குப் பின்னால் லாரி நின்ற நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை. வண்டியை ஓரங்கட்டி, கேனுக்குள் கைவிட்டார். வளையம் வந்தது. ஆட்டக்கூடத்து இரும்பு வளையம். அதன் நடுவில், ஆப்பு அறைந்ததுபோல் இறுகி, அவருடைய வட்டு. அவர் பேரின் முதலெழுத்தை அவரே ஆணியால் கீறி வைத்த வட்டு. இடுக்கில் பொட்டலக் காகிதத்தின் கருகிய மூலை ஒன்றும் ஒட்டியிருந்தது.

வட்டு வளையத்துக்குள். பொட்டலம் கருகி. ஒன்பது.

எலாதியோ சாலையோரத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்றுதான் சாட்சி. அதற்கும் காட்டினார். பிறகு, மீதிப் பண்ணைகளை அப்படியே விட்டுவிட்டு வண்டியை வீட்டுக்குத் திருப்பினார்.

"ரொசால்பா! இங்க வாங்க! பாருங்க! உள்ள இருக்கு!"

அவர் எதிர்பார்த்தது ஒரு பியர். ரொசால்பா வளையத்தைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள், கரண்டியைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"யாருக்காவது காட்டினீங்களா?"

"ஒரு மாட்டுக்கு."

"வேற யாருக்கும் காட்டாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏன்?"

அவள் சொன்னாள். மேயர் தடை போட்டால் மாதா வாணம் இல்லாமல் தேரேறுவாளா? சபைப் பெண்கள் வருஷம் முழுக்கச் சேர்த்து வாங்கிய அதிர்வேட்டும் ராக்கெட்டும் ஒரு மூட்டை. சார்ஜன்டின் நாய் தெருத்தெருவாக மோந்துகொண்டு வருகிறது. நாய் மருந்து வாசனையில் குரைத்தால் யாரும் சட்டை செய்யாத இடம் ஊரில் ஒன்றுதான் உண்டு. அங்கே, கடைசிக் களத்துப் பெட்டிக்கு அடியில், பலகைக்குக் கீழே இருந்த குழியில் வைத்தார்கள்.

"வெடிக்கிற இடத்துலயா வச்சீங்க?"

"கடைசிக் களம்ங்க! அங்க நீங்கதானே வீசுவீங்க! அங்க என்னைக்கு நெருப்பு வந்திருக்கு? ஊரிலேயே பத்திரமான இடம் அதுதான். இவங்க கூரை ஒழுகுதுன்னு ஆட்டத்தை அங்க கொண்டுவருவாங்கன்னு எனக்குத் தெரியுமா? மேல பொட்டலம் வெடிச்சா பரவாயில்லை, களிமண்ணு தாங்கும். வட்டு வெடிச்ச காகிதத்தோட வளையத்துக்குள்ள இறங்கி, பலகையை உடைச்சுக்கிட்டுக் கீழ போனாத்தான் ஆபத்து. மொன்யோனா விழாம இருக்கணும்னு ஒவ்வொருத்தர் வீசும்போதும் மாதாவை வேண்டிக்கிட்டேன்."

"நான் வீசும்போது கிழங்கு தின்னீங்க."

"ஆமா" என்றாள் ரொசால்பா, சின்னக் குரலில். "உங்களுக்கு வேண்டிக்க அவசியம்னு தோணலை."

எலாதியோ வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். இதைக் காட்டினால் ஒன்பது புள்ளி. காட்டினால் அடுத்த கேள்வி, பொட்டலத்துக்குச் சுவர் போகுமா என்பது. அதற்குப் பதில் எதிரே கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறது. தடை போட்ட வாணத்தை ஆட்டக்கூடத்தில் பதுக்கிய குற்றம். ஊரே குண்டு வைத்தவனைத் தேடிக்கொண்டிருக்கிற நேரம்.

"பனிமேட்டு விளக்கு?" என்று கேட்டார் திடீரென்று.

"நான்தான் கிளப்பிவிட்டேன்."

"பியர் கம்பெனி?"

"அது லியோனோரம்மா." லியோனோர் என்பது சார்ஜன்டின் அம்மா, சபைக்கு உபதலைவி.

அவர் எழுந்து வளையத்தைப் பழையபடி கேனுக்குள் இறக்கி, மேலே ஒரு சாக்கை அமுக்கினார். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் பேசியது லாரியோடு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை நகர மன்றத்தில் நிற்க இடமில்லை. மேயர் இஸ்திரி போட்ட சட்டையில். பங்குச் சாமியார் ஓரமாக. ஒரு பெஞ்சு நிறைய மாதா சபைப் பெண்கள். ரொசால்பாவின் காலடியில் ஒரு பால் கேன். கூட்டம் முடிந்ததும் கம்பெனிக்குக் கொண்டுபோக வேண்டியது என்று வாசலில் சொல்லியிருந்தாள். கேனை வீட்டில் தனியாக விட்டுவர அவளுக்கு மனம் ஒப்பவில்லை. எதிரே மீசையோடு லிபார்தோ. நெல்சன் மைக்கை நீட்டிப் பிடித்திருந்தான்.

மிசாயெல் முதலில் எழுந்தார். "கொம்பாத்ரே குண்டு வச்சாருன்னு பேசறீங்களே, கொஞ்சம் யோசிங்க. குண்டு வைக்க மூளை வேணும். என் ஞானமகன் பிறந்தநாள் கேக்குல இவரால ஒரு மெழுகுவத்தி ஏத்த முடியலை. மேசை விரிப்பைத்தான் ஏத்தினாரு."

"நன்றி, கொம்பாத்ரே" என்றார் எலாதியோ.

லிபார்தோ எழுந்தார். "இவரு குண்டு வைக்கலைன்னு நானும் நம்பறேன். அவ்வளவு தைரியம் இல்லை. ஆனா மொன்யோனான்னு மட்டும் சொல்லாதீங்க, மாதாவுக்கே சிரிப்பு வரும். இந்த மனுஷன் வட்டு அந்த வளையத்தை உரசினதுன்னு யாராவது காட்டட்டும், என் மீசையில ஒரு பக்கம் எடுத்துட்டு உங்க ஊர்ச் சந்தையில உட்கார்ந்து கிழங்கு விக்கிறேன்!"

கூடம் சிரித்தது. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள், வாய் கேட்கவில்லை. நானே சிரித்தேன்.

சார்ஜன்ட் கையமர்த்தினார். "தோன் எலாதியோ. கடைசியா ஒரு தடவை கேக்கறேன். உங்க வட்டு எங்க விழுந்துச்சு?"

எலாதியோ மனைவியைப் பார்த்தார். பிறகு கேனைப் பார்த்தார். தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மண்ணுலங்க."

"எப்பவும் போல?"

"எப்பவும் போல. சொத்துன்னு."

லிபார்தோ தொடையில் தட்டிச் சிரித்தார். "அப்படி வாங்க வழிக்கு! முப்பது வருஷமாச் சேத்துல எறியறவரு, பாவம், ஒரு தடவை ஆசைப்பட்டுட்டாரு. அந்தக் கையை வெட்டி உரத்துக்குப் போட்டாக்கூட அது செடிக்குப் பக்கத்துலதான் விழும்!"

முப்பது வருஷமாக எலாதியோவின் கையைப் பற்றி இதைவிட மோசமாகப் பேசி வந்தவள் ரொசால்பா. சந்தையில், சமையலறையில், அவருடைய அம்மா முன்னாலேயே. ஆனால் அது அவள் பேசுவது.

அவள் எழுந்தாள். சாக்கை இழுத்து எறிந்தாள். கேனுக்குள் கைவிட்டு, வளையத்தை எடுத்து, சார்ஜன்டின் மேசைமேல் டங்கென்று வைத்தாள். மைக் கீச்சென்றது.

"மண்ணுலயா? பாருங்க தோன் லிபார்தோ, கண்ணு நல்லா இருந்தா பாருங்க! உள்ள இருக்கு! கீறின எழுத்தைப் படிங்க! மீசையை நானே எடுத்துவிடறேன், அடை திருப்பற கத்தி கொண்டு வந்திருக்கேன்!"

"ரொசால்பா, உட்காருங்க" என்றார் எலாதியோ.

"நீங்க சும்மா இருங்க!"

இனி நடந்ததை வேறு ஊரில் நம்ப மாட்டார்கள். குற்றம், குண்டு, சட்டம் எல்லாம் ஒரு பக்கம் போயிற்று. கூடமே மேசையைச் சுற்றி மொய்த்தது. சார்ஜன்ட் வளையத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நடுவர் புருவமில்லாத முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து கருகிய காகிதத்தை மோந்தார். லிபார்தோ வட்டை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. அவர் தொப்பியைக் கழற்றினார்.

"மொன்யோனா" என்றார். நல்ல ஆட்டக்காரர்தான் அவரும்.

"ஒன்பது" என்றார் நடுவர்.

கைதட்டல் அடங்க ரொம்ப நேரமாயிற்று. அடங்கிய பிறகுதான் சார்ஜன்டுக்குத் தன் உத்தியோகம் நினைவுக்கு வந்தது. "அது சரி. அப்ப வெடிச்சது என்ன?"

"மாதாவோட வாணம்" என்றாள் ரொசால்பா. "அடியில ஒளிச்சு வச்சது நான்."

மேயரின் சட்டை அந்த நிமிஷமே கசங்கிவிட்டது. சாமியார் இருமினார், அந்த இருமலுக்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. பிறகு பெஞ்சு கிறீச்சிட்டது. சபைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து நின்றார்கள். கடைசியில் எழுந்தது லியோனோரம்மா.

சார்ஜன்ட் உட்கார்ந்துவிட்டார். "அம்மா. நீங்களுமா?"

"நான் டார்ச்சுதான் பிடிச்சேன், கண்ணு. உங்க டார்ச்சுதான்."

கதவோரம் கட்டியிருந்த சுல்தான் ஒரு தடவை குரைத்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

தீர்ப்பு சுருக்கமாக முடிந்தது. அம்மாவைக் கைது செய்தால் ராத்திரிச் சாப்பாடு யார் போடுவது என்ற கோணத்தில் சார்ஜன்ட் சட்டத்தை ஆராய்ந்திருக்க வேண்டும். சபைப் பெண்கள் சுவரையும் பெட்டியையும் தங்கள் கையாலேயே கட்டித் தர வேண்டும், அவ்வளவுதான். கட்டினார்கள். ஆண்கள் பியரோடு உட்கார்ந்து யோசனை சொன்னோம். லிபார்தோ வாக்குத் தவறவில்லை. ஒரு சந்தை நாள் முழுக்க ஒற்றை மீசையோடு கிழங்கு விற்றார். அதுவரை அவருக்கு அவ்வளவு வியாபாரம் ஆனதில்லை. டிவிக்காரர்கள் வந்தார்கள். குண்டு இல்லை என்று தெரிந்ததும் கன்றுக்குட்டியைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

உண்மை வெளிவந்துவிட்டது என்பதற்காக ஊர் தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பியர் கம்பெனிக் கட்சி இன்னும் இருக்கிறது. பனிமேட்டு விளக்கை நேரில் பார்த்தவர்களே இப்போது ஆறேழு பேர். அதில் ஒருவர் மிசாயெல். சேத்து எலாதியோ என்ற பேர் மட்டும் போய்விட்டது. இப்போது அவர் குண்டு எலாதியோ. வட்டை வளையத்திலிருந்து பிரிக்க முடியவில்லை. அடைக்கடையில் அடுப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறாள் ரொசால்பா. புது வட்டு வாங்கிப் பழகினார். சனிக்கிழமைதோறும் சொத், சொத் என்று பழைய சங்கீதம்தான்.

அடுத்த வருஷம் திருவிழா வந்தது. மேயர் தடையை நீக்கவில்லை. புதுப் பெட்டி, புதுச் சுவர், அதே பெசோத்தா, வளர்ந்துவிட்ட மீசை. எலாதியோவின் முறை வந்ததும் கூட்டம் வேடிக்கைக்காகப் பெஞ்சுக்கு அடியில் குனிந்தது. அவரும் சிரித்துக்கொண்டே கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

முன்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. ரொசால்பா எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, அவசரமில்லாமல் நடந்து, கதவுக்கு வெளியே போய்த் தெருவில் போட்டு உட்கார்ந்தாள். பின்னாலேயே லியோனோரம்மா. அதற்கும் பின்னால் மாதா சபை முழுக்க.

எலாதியோ வட்டைத் தாழ்த்தினார்.

"ரொசால்பா! இந்த வருஷம் எங்க வச்சிருக்கீங்க?"

தெருவிலிருந்து பதில் வந்தது.

"நீங்க பேசாம வீசுங்க. மண்ணுலதானே விழப்போகுது!"